வாசமில்லை என்றேன்

செடிகளோடு பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. எதிர்த்துப் பேசாது என்ற தைரியத்தில்தான் அதுகளிடம் போய்ப் பேசுகிறார்கள். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, அந்த ரகம். காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் மொட்டைமாடிக்குப் போவாள். புதினாத் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "என்னடா செல்லம், வாடிப் போயிருக்க? நேத்து வெயில் ஜாஸ்தியா?" என்று விசாரிப்பாள். புதினாவை நலம் விசாரிக்க வேண்டுமா என்ன? குழாயடிச் சேற்றில் ஒரு தண்டைத் தூக்கி எறிந்தால் அடுத்த மாதம் நம்மை நடக்கவிடாது. அதற்குப் போய் இவ்வளவு கொஞ்சல்.

அவளுக்கு நான் வைத்த பெயர் விஞ்ஞானி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவேன். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். சொரணை கெட்டவள் என்று நினைத்துக்கொள்வேன்.

கீழ்வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும், மேல்வீட்டில் விஞ்ஞானியும் கொழுந்தனும். சமையலறை ஒன்றுதான். அது கீழே இருக்கிறது, அது என்னுடையது. அங்கிருந்து பதினெட்டு வருஷமாக ஒரு கட்டட வரைபட அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு போகிறது. நாற்பத்திரண்டு பேர், நாற்பத்திரண்டு டப்பா. அடுப்படி என் பொறுப்பு. நறுக்குவது, கழுவுவது, டப்பாவில் அடைப்பது விஞ்ஞானியின் பொறுப்பு. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து அனுப்புவார், அடுப்பில் பொங்குகிற பால் மட்டும் அவர் கண்ணில் படாது. கொழுந்தனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பெண்டாட்டி வாயைத் திறந்தால் போதும், எதற்கு என்று கேட்காமல் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பான்.

எவளோ ஒருத்தி ஜன்னலோரம் இலை கிள்ளிக் கிள்ளிச் சூப்பில் போடுவதைக் கைபேசியில் பார்த்ததிலிருந்து விஞ்ஞானிக்கு இந்தப் பைத்தியம். ஐஸ்கிரீம் டப்பா, பிஸ்கட் டின், உடைந்த பக்கெட், எதையும் குப்பைக்குப் போக விடமாட்டாள். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டு மண்ணை நிரப்பிவிடுவாள். என் கரண்டிகள் தொங்கிய ஜன்னலில் பேசில் வந்து உட்கார்ந்தது. துளசிக்குத் தூரத்துச் சொந்தமாம். மாடிப்படித் திருப்பத்தில் கொத்தமல்லி. மொட்டைமாடியில் புதினாவும், வெளிநாட்டுச் சமையலில் போடுகிற ரோஸ்மேரி, பார்ஸ்லி என்கிற தழைகளும். அதிலும் நிலையாக ஓரிடத்தில் இருக்க விடுகிறாளா? கொத்தமல்லிக்கு வெயில் ஆகாது, பூத்துவிடும், உள்ளே கொண்டு வா. ரோஸ்மேரிக்குத் தண்ணீர் ஆகாது. பேசிலுக்குக் குளிர் ஆகாது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நான்கூட இத்தனை 'ஆகாது' சொன்னதில்லை.

இப்படியெல்லாம் கேலி பேச எனக்கு ஒரு தகுதி இருந்தது. எனக்கு மூக்கு இருந்தது.

சாதாரண மூக்கு இல்லை. தெருமுனையில் வரும்போதே எந்த வீட்டில் பால் தீய்ந்தது என்று சொல்லிவிடுவேன். மூடியைத் திறக்காமலே பருப்பில் உப்புப் போட்டாயிற்றா என்று சொல்லிவிடுவதாகக் கொழுந்தன் தன் நண்பர்களிடம் அளந்து விட்டிருந்தான். உப்புக்கு ஏது வாசம்? இருந்தும் நான் மறுக்கவில்லை. சந்தையில் நான் வருவதைப் பார்த்தால் காய்கறிக்காரர் முந்தாநாள் கீரைக்கட்டை எடுத்துச் சாக்குக்கு அடியில் செருகுவார். வீட்டில் எது கெட்டது, எது நல்லது, எதை உண்ணலாம், எதைக் கொட்டலாம் என்பதில் என் மூக்கு சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த மூக்கு ஐந்து மாதத்துக்கு முன்பு செத்துப் போனது. ஒன்பது நாள் சளிக்காய்ச்சல். பத்தாம் நாள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டேன். சத்தம் வந்தது, வாசம் வரவில்லை. பூண்டை நசுக்கி மூக்கிலேயே வைத்துத் தேய்த்தேன். எரிந்தது, அவ்வளவுதான். நாக்குக்கு உப்பும் புளிப்பும் இனிப்பும் காரமும் தெரிந்தன. மற்றதெல்லாம் மூக்கின் வேலை என்று ஐம்பத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "நரம்பு அடிபட்டிருக்கு. திரும்பி வரலாம், வராமயும் போகலாம்" என்றார். ஏதோ பஸ் வருமா வராதா என்று சொல்வதுபோல் சொன்னார். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்ன மறுநாள் என் சமையலறை என்னிடம் இருக்காது. விஞ்ஞானியிடம் அளவுக் கரண்டிகள் உண்டு, ஒரு வளையத்தில் கோத்த ஆறு கரண்டி. நோட்டுப் புத்தகமும் உண்டு. என் சமையலை எட்டிப் பார்த்து 'சீரகம் முக்கால் கரண்டி' என்று எழுதிக்கொண்டே இருப்பாள். அவளை அடுப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டு என்னைப் பீன்ஸ் நறுக்க உட்கார வைப்பார்கள். 'பாவம்' என்று வேறு சொல்வார்கள். அதைக் கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். அதனால் காதால் சமைத்தேன், கண்ணால் சமைத்தேன். பூண்டு எப்போது பொன்னிறமாகிறது என்று குனிந்து பார்த்தேன். நான் காறித் துப்பிய அதே அளவுக் கரண்டிகளை, அவள் மேலே போன நேரத்தில், திருடி போல எடுத்துப் பயன்படுத்தினேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய முதல் பேசில் தயாரானது. ஒரு கொத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, மோந்து பாருங்க. நீங்கதான் மொதல்ல பாக்கணும்."

முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் விடமாட்டாளே. 'எப்படிக்கா? காரமா இருக்கா? இனிப்பா இருக்கா?' என்று நோட்டைத் திறந்துவிடுவாள். பாராட்ட வேண்டுமென்றால் விவரம் சொல்ல வேண்டும், திட்டுவதற்கு அது தேவையில்லை. எனக்கோ திட்டுவது கைவந்த கலை.

"என்ன இது, ஈரப் புல்லாட்டம் இருக்கு? வாசமே இல்லையே."

அவள் முகம் சுருங்கியது. தானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். "எனக்கு வர்ற மாதிரிதான் இருக்கு..."

"காக்காக்குத் தன் குஞ்சு" என்று ஆரம்பித்து, முழுவதும் சொல்லாமல் கையை உதறினேன். அவள் கொத்தோடு திரும்பிப் போனாள். மத்தியானம் பார்த்தால் ஜன்னல் காலியாக இருந்தது. பேசிலை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தாள். விட்டது தொல்லை என்று கரண்டிகளை மறுபடி மாட்டினேன்.

அவள் அடங்குகிற ஆளா? அடுத்து கொத்தமல்லி. விதையை இரண்டாக உடைத்து, ஊறவைத்து, மாடிப்படித் திருப்பத்தில் எட்டு டின்களில் போட்டாள். ஐந்து வாரம் கழித்து ஒரு கொத்தோடு வந்தாள். "மண்ணு வாசம்தான் வருது" என்றேன். வெளிச்சம் போதவில்லை என்று அவளாகவே முடிவு செய்து, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஒரு ஊதா விளக்கு வாங்கினாள். கொழுந்தன் ஏணி போட்டு அதைப் படிக்கட்டுக்கு மேலே மாட்டினான். அந்த வெளிச்சத்தில் படியேறும் என் வீட்டுக்காரரைப் பார்த்தால் மூன்று நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி இருப்பார். அந்த விளக்குக்கு அடியில் வளர்ந்த கொத்தமல்லியை நீட்டியபோது, "வாசம் மேலயே நிக்குது, உள்ள எறங்கல" என்றேன். அப்படியென்றால் என்ன என்று எனக்கே தெரியாது. அதையும் பிடுங்கினாள்.

ஒருநாள் அவள் நோட்டு மேஜை மேல் திறந்து கிடந்தது. தேதி போட்டு எழுதியிருந்தாள்: 'அக்கா: வாசம் உள்ளே இறங்கவில்லை. மண்ணை மாற்ற வேண்டும்.' அதற்கு முன்பக்கம்: 'அக்கா: ஈரப் புல்.' நான் வாய்க்கு வந்ததை உளறியிருக்கிறேன், இந்தப் பைத்தியம் அதைப் பாடமாக எழுதி வைத்திருக்கிறது. சிரிப்பு வந்தது. நோட்டை மூடிவிட்டு உருளைக்கிழங்கை உரிக்கப் போனேன்.

அலுவலக மேலாளர் அம்மாவின் போன் அந்த வாரம்தான் வந்தது. "கொஞ்ச நாளா சாப்பாடு முன்ன மாதிரி இல்லன்னு பேசிக்கிறாங்கம்மா. நேத்து பருப்பு அடிப்பிடிச்சிருந்துச்சாம். சனிக்கிழமை நானே வந்து சாப்பிட்டுப் பாக்கறேன். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

பருப்பு அடிப்பிடித்தது எனக்குத் தெரியாது. சத்தத்திலும் நிறத்திலும் அது தெரியவில்லை. சனிக்கிழமை அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அலுவலகம் போய்விடும். அதைவிட மோசம், ஏன் பிடிக்கவில்லை என்று வீட்டில் துருவுவார்கள். துருவினால் இரண்டு கேள்விக்குள் என் மூக்குக்கு வந்து நிற்பார்கள்.

சனிக்கிழமை என்னுடைய உருளைக்கிழங்கு சூப் வைத்தேன். அதற்காகவே அலுவலகத்தில் ஒரு கூட்டம் உண்டு. இறக்கியதும் கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கித் தூவ வேண்டும். கொத்தமல்லி வாங்கி வாருங்கள் என்று வீட்டுக்காரரை அனுப்பினேன். கண்ணாடிக் கடைக்காரர் பசலைக்கீரையோடு வந்து நின்றார். "பச்சையாத்தானே கேட்ட?" என்றார். இந்த மனிதரை நம்பி ஊரார் கண்ணைக் கொடுக்கிறார்கள்.

திரும்பி அனுப்ப நேரமில்லை. விஞ்ஞானி குளித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறையாக அவள் போட்ட கொத்தமல்லி ஊதா விளக்குக்கு அடியில் தளதளவென்று இருப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கத்தரிக்கோலோடு போய் இரண்டு டின்களை மொட்டை அடித்தேன். முன்பென்றால் ஒரு இலையை விரலில் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் கத்தரியை வைப்பேன். இப்போது எதற்கு முகர்வது? இருக்கும் இடம் தெரியும், போதும்.

அன்று விடியற்காலையில் அவள் டின்களை இடம் மாற்றியிருக்கிறாள். கொத்தமல்லிக்குக் காற்றாட வேண்டுமென்று மாடியில் நிழலுக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த பார்ஸ்லியை விளக்கடிக்குக் கொண்டு வந்திருக்கிறாள். இளசாக இருக்கையில் இரண்டும் பார்வைக்கு அக்கா தங்கைதான். கசக்கினால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மேலாளர் அம்மா வந்து உட்கார்ந்தாள். சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியது விஞ்ஞானி. ஊற்றும்போதே மூக்கு விடைத்தது.

"அக்கா, பார்ஸ்லியா போட்டிருக்கீங்க? எப்பவும் கொத்தமல்லிதானே போடுவீங்க?"

மேலாளர் அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரர் பார்த்தார், கொழுந்தன் பார்த்தான். ஒரு விநாடிதான். பிறகு என் வாய் என்னைக் காப்பாற்றியது.

"வேணும்னுதான் போட்டேன். கொத்தமல்லி போடற மாதிரியா வளத்திருக்க? மூணு தடவ போட்டும் ஒரு துளி வாசம் இல்ல. அத சூப்புல போடறதுக்கு வாசல்ல கெடக்கற புல்ல போடலாம். அதான், இதாவது தேவலாம்னு கிள்ளினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் அம்மாவும் சிரித்துவிட்டு ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "இது வேற மாதிரி நல்லா இருக்கே. திங்கக்கிழமை இதையே அனுப்புங்க" என்றாள். விஞ்ஞானியும் சிரித்தாள், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த அம்மாவை வழியனுப்பிவிட்டு நான் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அலுவலகம் தப்பியது, அடுப்படி தப்பியது, மானம் தப்பியது. மூக்கில்லாமலே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டேன் என்று கர்வமாகக்கூட இருந்தது. அப்போது கொழுந்தன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"அண்ணி, கொஞ்சம் மேல வாங்களேன். அவ எல்லாத்தையும் புடுங்கிட்டிருக்கா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

மாடியில் அவள் எட்டு டின்களையும் வரிசையாக வைத்திருந்தாள். ஐந்து காலி. ஆறாவதில் கையை விட்டுக் கொத்தாகப் பிடித்து இழுத்து, வேரிலிருந்த மண்ணைச் சாக்கில் தட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு அடர்த்தியாக நான் கொத்தமல்லியைச் சந்தையிலும் பார்த்ததில்லை.

"ஏய், என்ன பண்ற?"

"இதோட விட்டுடறேன்க்கா. எனக்கு இது வராது. மூணு தடவ பாத்தாச்சு." அழவில்லை. கணக்கு தப்பிப்போன பரீட்சைத்தாளைத் திருப்பிக் கொடுப்பவள் மாதிரி சொன்னாள்.

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் என்ன போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கீழே இறங்கிப் போயிருக்கலாம். இன்னும் இரண்டு டின், பிறகு அவளும் ஓய்ந்திருப்பாள், ஜன்னல், படிக்கட்டு, மாடி எல்லாம் எனக்கே திரும்பியிருக்கும். அவள் ஏழாவது டின்னை எடுத்தாள்.

"நிறுத்து. வாசம் இல்லன்னு நான் சொன்னது பொய்."

"பாவம் பாத்துச் சொல்லாதீங்கக்கா. நீங்க யாருக்கும் பாவம் பாத்து நான் கண்டதில்ல."

"பாவமும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு மூக்கு போய் அஞ்சு மாசம் ஆச்சு. எதுவுமே தெரியாது."

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். பிறகு சிரித்தாள். "உங்களுக்கா? உங்களுக்கு மூக்கு போச்சா?" கதவோரம் நின்ற கொழுந்தனும் சிரித்துவிட்டான். மற்றவர்களை நான் கேலி செய்த லட்சணத்துக்கு, நான் நிஜம் சொன்னாலும் கேலியாகத்தான் காதில் விழுகிறது.

"கண்ண மூடுங்க, பாப்போம்" என்றாள்.

மூடினேன். அவள் நடக்கும் சத்தம், ஒரு இலை கிழியும் சத்தம். மூக்குக்குக் கீழே ஈர விரல்களின் குளிர்ச்சி. "என்ன இது?"

தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தானே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். ஆனால் முப்பது வருஷமாக அந்த வீட்டில் யார் எதை நீட்டினாலும் தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய், என்னைக் கேட்காமல் முந்திக்கொண்டது.

"கொத்தமல்லி."

கண்ணைத் திறந்தேன். அவள் விரல்களுக்கிடையில் புதினா, சாறு வழிகிற அளவுக்குக் கசக்கிய புதினா.

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. புதினாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாக்கிலிருந்த செடிகளைப் பார்த்தாள்.

"அப்போ, அந்த பேசில்?"

"தெரியாது."

"மொத மல்லி? மண்ணு வாசம் வருதுன்னீங்களே."

"தெரியாதும்மா."

"லைட்டு போட்டப்புறம் வந்தது?"

"ஒண்ணுமே தெரியாது. வாய்க்கு வந்தத சொன்னேன்."

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். "அப்ப திங்கக்கிழமை சமையலு..." என்று இழுத்தான்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமலே.

ஐந்து மாதமாக எதற்குப் பயந்தேனோ அது இரண்டே வார்த்தையில் முடிந்துபோனது. அவள் அதை வெற்றியாகச் சொல்லவில்லை. அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்டதில் ஒரு கொத்தை எடுத்து முகர்ந்தாள். வெகுநேரம் முகர்ந்தாள். இப்போதுதான் கண் கலங்கியது.

"எனக்கு வந்துச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் எனக்கு நல்லா வந்துச்சு. நீங்க இல்லன்னீங்க. சரி, என் மூக்குதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சு நானே புடுங்கிப் போட்டேன்."

திட்டினால் தேவலாம் போலிருந்தது. கீழே மண்டியிட்டு, மண் ஒட்டிய செடிகளை ஒவ்வொன்றாக டின்னில் திரும்ப வைக்க ஆரம்பித்தேன்.

"கொத்தமல்லிய புடுங்கி நட்டா பொழைக்காதுக்கா" என்றாள். பழக்கத்தில் கையிலிருந்த கொத்தை என் மூக்குப் பக்கம் நீட்டினாள். பாதியிலேயே நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டு, தானே முகர்ந்து பார்த்தாள்.